வால்மணி (அத்தியாயம் பதினான்கு: எதிரே வந்த கொடி)

கிளி பேச்சை விட்டு நான்கு வருடம். சுல்மீரா பேச்சை விட்டு மூன்று வருடம். தொழுவத்தில் பிறந்த தெய்வக் குழந்தையைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்றுதான் அவள் குரல் போயிற்று. இன்றைக்கும் அதே திருநாள்.

காய்ச்சலில் போன குரல் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. போன வாரம்வரை உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர்: குரலை இழந்தவள், அவள் அம்மா இதலீனா, அவள் அப்பா பெலார்மீனோ. எடுத்துக்கொண்டது காய்ச்சல் இல்லை. பெலார்மீனோவின் பத்து நரம்பு வியோலாவுக்குள் கிடக்கும் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்மணி.

நாதம் கணீரென்று வர வேண்டும் என்று வியோலாவுக்குள் வால்மணி போடுவது மொர்ரோ செக்கோ ஊர்ப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் பாம்பை உயிரோடு பிடிக்க வேண்டும். வால் நுனியை மட்டும் அறுத்துக்கொண்டு, போய் வா என்று விட்டுவிட வேண்டும். பெலார்மீனோவுக்கு எதற்குத்தான் பொறுமை இருந்தது? தடியால் ஒரே போடு. செத்த பாம்பின் வால்மணியைக் கொண்டுவந்து உள்ளே போட்டான். அன்றிலிருந்து அந்த வியோலாவை எவனும் ஜெயித்ததில்லை. பெரிய போட்டியில் ஜெயிக்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு குரல் குறைந்தது, வால்மணியில் ஒரு வளையம் கூடியது. ஏழாக இருந்தது இன்று ஒன்பது.

உடைத்துப் போட்டால் உள்ளே போன குரலும் அதோடு போய்விடும். ஆற்றங்கரை மந்திரக்காரி போன வாரம் ஒரே ஒரு வழிதான் சொன்னாள்.

"பாட்டுல தோத்து, நாலு பேர் முன்னாடி கைமாறணும். வாங்கினவன் அன்னிக்குப் பொழுது சாயறவரைக்கும் திருப்பித் தராம வச்சிருக்கணும். சாயறதுக்கு முன்னாடி திரும்பி வந்துச்சோ, குரலும் திரும்ப உள்ள போயிடும். சாஞ்சாச்சுன்னா குரல் உங்களுது, வியோலா அவனுது."

"அவன் வீட்டுல இருக்கறவங்க குரல்?" என்று இதலீனா கேட்டாள்.

"நீ உன் வீட்டுக் குரலைக் கேட்டுத்தானே வந்தே?" என்று சொல்லிவிட்டு, இதலீனா கொண்டுபோன கோழியை அதன் காலைப் பிடித்து வாங்கிக்கொண்டாள் மந்திரக்காரி.

*

காலையிலேயே அடுப்பில் பெக்கிப் பழம் போட்ட சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அதன் மஞ்சள் வாசனை. திருநாளுக்கு வீடு வீடாகப் பாடிப்போகும் தங்கள் குழுவின் கொடி ரிப்பன்களை இதலீனா ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஊதா, பச்சை, சிவப்பு. நடுவில் ஒட்டகத்தின் மேல் மூன்று ராஜாக்கள். ஒருவருக்கு மூக்குச் சாயம் உரிந்திருந்தது.

"நீலப் பாவாடை வேண்டாண்டி. சிவப்பைக் கட்டு. இன்னிக்கு எல்லாரும் உன்னைப் பாப்பாங்க."

சுல்மீரா கழுத்தில் தொங்கிய சிறு சிலேட்டை எடுத்து எழுதினாள்.

'ஊமைக்கு நீலம் என்ன, சிவப்பு என்ன.'

"வாயை மூடு," என்றாள் இதலீனா, பழக்கத்தில்.

சுல்மீராவுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இருபத்து நான்கு வயது. இந்தப் பள்ளத்தாக்கில் பாட்டு முடியும் இடத்தில் அவளைப் போல உச்சக் குரல் எடுக்க ஆள் இல்லை என்று பாதிரியாரே சொன்ன பெண்.

இதலீனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்குச் சதுப்பு வழியாப் போறோம்."

சாக்குக்கட்டி கீச்சிட்டது. 'சித்தப்பா குழு வர்ற வழி.'

"தெரியும். சந்தையில உன் சித்தி கித்தேரியாதான் சொன்னா. கையில புள்ளையை வச்சுக்கிட்டு, 'ஆறாம் தேதி சதுப்பு வழியாத்தான் வர்றோம் அக்கா, காப்பி போட்டு வைங்க'ன்னா. வெள்ளை மனசு." இதலீனா கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கப்பன் இன்னிக்குத் தோக்கப்போறான்."

'அப்பாவா??'

"தோக்க வைக்கிறேன். வியோலா உன் சித்தப்பன் கைக்குப் போகும். உன் குரல் உனக்கு வந்துடும்."

சுல்மீரா அம்மாவையே பார்த்தாள். பிறகு நிதானமாக எழுதினாள். 'அங்கே பாப்பா ரொசெந்தா இருக்கா. ஏழு மாசம்.'

இதலீனா உள்ளங்கையால் சிலேட்டை அழித்தாள்.

சுல்மீரா மறுபடியும் அதையே எழுதினாள். இதலீனா மறுபடியும் அழித்தாள்.

மூன்றாம் தடவை இரண்டே சொல். 'ஏழு மாசம்.'

"எனக்கு எண்ணத் தெரியாதா? அந்தப் புள்ளைக்குத் தொப்புள் கொடி அறுத்தவளே நான்தான்! பொழுது சாயட்டும். சாஞ்ச அடுத்த நிமிஷம் நானே ஓடிப்போய் சொல்றேன். 'ஒனோரியோ, அதை வாசிக்காதே, சுவத்துல மாட்டி வை, கிட்டயே போகாதே'ன்னு சொல்றேன். அவன் என்ன, என் கொழுந்தன்தானே, கேட்டுப்பான். இந்தக் கொடி மேல சத்தியம். போதுமா?"

'நம்ம வீட்டுல சத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை.'

எழுதியதை இந்த முறை அம்மா அழிக்கவில்லை. சுல்மீரா தானே அழித்துவிட்டு, புதிதாக ஏதோ எழுத ஆரம்பித்தாள். 'அம்மா, அது தானா' என்பதுவரை வந்தது. கை நின்றது. சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

"என்னடி?"

தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை.

மூன்று வருடமாக அந்த ஒன்றுமில்லையை இதலீனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டதில்லை.

*

பெலார்மீனோ மாமரத்தடியில் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தான். வியோலா அசையும்போதெல்லாம் உள்ளே வால்மணி உலர்ந்த பயறு மாதிரி கலகலத்தது.

"மனுஷா."

"ம்."

"இன்னிக்குச் சதுப்பு வழி."

விரல் நின்றது. "அங்க யார் வருவான்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான். அவன்கிட்ட நீ தோக்கணும்."

அவன் சிரித்தான். "ஒனோரியோகிட்ட. அப்பா இருந்தப்போ என் பின்னாடி மத்தளம் தூக்கிட்டு வந்தவன். தலைமை எனக்கு வந்துச்சுன்னு பாதி ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தனிக்குழு கட்டினவன். அவன்கிட்ட."

"உன் பொண்ணுக்காக."

"வேற எவன்கிட்டயாவது தோக்கறேன். பன்னி மேய்க்கிறவனைக் கூட்டிட்டு வா, தோக்கறேன்."

"உன்னோட மோத இந்த மூணு வருஷத்துல எவன் வந்தான், சொல்லு? உன் தம்பி ஒருத்தன்தான் இன்னும் அந்த வியோலா மேல ஆசையா இருக்கான்." இதலீனா குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல கிளி. அப்புறம் பொண்ணு. அடுத்தது யாரு? நீயா, நானா?"

"எனக்கென்ன தெரியும்? அது பாட்டுக்கு எடுத்துக்குது. என்னைக் கேட்டா எடுக்குது?"

இதை அவன் நூறு முறை சொல்லியிருப்பான். ஒரே மாதிரி, ஒரே மூச்சில்.

"சரி," என்றான் பிறகு. "தோக்கறேன்."

இவ்வளவு சுலபமாகச் சொல்வான் என்று அவள் நினைக்கவில்லை. கொண்டுவந்திருந்த கொடியையும் ஒரு வெள்ளை ரிப்பனையும் நீட்டினாள். கொடியில் ரிப்பன் கட்டிச் சொன்ன வாக்கை மீறக்கூடாது; மீறியவனை எந்த வீட்டு வாசலிலும் ஏற்ற மாட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான். ராஜாக்களின் காலடியில் ரிப்பனை முடிந்தான்.

"மூணாவது கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டேன். மூணு ராஜாக்களும் சாட்சி."

"அந்த மூக்கில்லாதவரும் சேர்த்துத்தானே?"

"அவரும்தான்."

பல வருடம் கழித்து இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிற்பாடு இதலீனா அதிகம் வெட்கப்பட்டாள்.

*

கொடி பிடிப்பவள்தான் வழி பிடிப்பவள். மொர்ரோ செக்கோ குழுவில் அது இருபத்தாறு வருடமாக இதலீனா. கொடி ஒரு வழியில் காலெடுத்து வைத்துவிட்டால் திரும்பக்கூடாது. ராஜாக்கள் வந்த வழியே திரும்பவில்லை, அதனால் கொடியும் திரும்பாது.

சிலுவை நட்ட பிரிவில் அவள் இடது பக்கம் திரும்பியபோது பின்னால் முணுமுணுப்பு எழுந்தது.

"அக்கா, வலது பக்கம்! பண்ணை வீட்டுல பன்னிக்கறி காத்துட்டிருக்கு!"

கத்தியது குமெர்சீந்தோ, குழுவின் முகமூடிக் கோமாளி. ஆட்டுத்தோல் முகமூடி, அதில் குதிரைவால் தாடி.

"கொடி திரும்பியாச்சு," என்றாள் இதலீனா, பின்னால் பார்க்காமல்.

"என் வயிறு இன்னும் திரும்பலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். மத்தளம் மறுபடி நடை தட்டியது. வரிசையின் கடைசியில் கஞ்சிராவோடு சுல்மீரா வந்தாள். சிலேட்டை ரவிக்கைக்குள் செருகியிருந்தாள்.

சதுப்பின் பனைமரங்கள் தெரிந்தபோது உச்சி வெயில். அந்தப் பக்கமிருந்து இன்னொரு மத்தளம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையே கொடி தெரிந்தது. பிடித்து வந்தவள் கித்தேரியா. ஒரு கையில் கொடி, இடுப்பில் துணியால் கட்டிய ரொசெந்தா.

"அக்கா!" கித்தேரியாவின் முகம் மலர்ந்தது. பிறகு நிலைமை புரிந்து மங்கியது. "ஐயோ அக்கா, வழி மாறி வந்துட்டீங்களா? இப்ப இவங்க ரெண்டு பேரும் பாடியே ஆகணுமே!"

"ஆகணும்தான்," என்றாள் இதலீனா. குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. அவள் பார்வையை ராஜாக்களின் மேல் வைத்துக்கொண்டாள்.

இரண்டு கொடிகள் வழியில் எதிர்ப்பட்டால் ஒன்றுதான் முன்னே போகலாம். தலைவர்கள் பாட்டில் மூன்று மூன்று கேள்வி கேட்பார்கள், இளையவன் முதலில். பதில் இல்லாதவனின் கொடி எதிர்க்கொடிக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும். அவன் வியோலா ஜெயித்தவனுக்கு.

ஒனோரியோ முன்னால் வந்தான். அண்ணனைவிட ஆறு வயது இளையவன், ஒரு சாண் கூடுதல் உயரம். புதுச் சட்டை. கண் முழுக்க அண்ணனின் வியோலாவில்.

"அண்ணே, சுகந்தானா?"

"இப்பவரைக்கும்."

குமெர்சீந்தோ இருவருக்கும் நடுவில் குதித்தான். "ஒரே பால் குடிச்ச ரெண்டு பேரு! ஒருத்தன் தயிராயிட்டான், ஒருத்தன் இன்னும் பொங்கிக்கிட்டே இருக்கான். எது எதுன்னு இப்பத் தெரிஞ்சுடும்!"

மத்தளம் தட்டியது. ஒனோரியோ ஆரம்பித்தான்.

"கிழக்கே உதிச்ச வெள்ளி – அண்ணே
கிழவரைக் கூட்டி வந்ததே,
எத்தனை நாள் நடந்தாங்க – அந்த
ஏழைக் குடிலைச் சேர்ந்தாங்க?"

பெலார்மீனோ நரம்பைத் தடவக்கூட இல்லை, சும்மா ஒரு தட்டு.

"பன்னெண்டு நாள் நடந்தாங்க – தம்பி
பாதம் தேய நடந்தாங்க,
பதிமூணாம் நாள் விடியும்போது – நீ
பாதி வழியில் தூங்கினே!"

கூட்டம் கத்தியது. இரண்டாவது கேள்வி பொன்னைக் கொண்டுவந்த ராஜா யார், சாம்பிராணி யார் கையில் என்பது. அதற்கும் பதில் வந்தது, அதிலும் தம்பிக்கு ஒரு குத்து வைத்து. ஒனோரியோவின் காது சிவந்தது. மூன்றாவதைத் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான்.

"தொழுது முடிச்ச ராஜாக்கள் – அண்ணே
தூங்கி முழிச்ச காலையிலே,
வந்த வழியை விட்டுப்போட்டு – அவங்க
வேற வழியில் போனதேன்?"

பெலார்மீனோ வாயைத் திறக்கவில்லை.

கேள்வியைக் கேட்ட ஒனோரியோவே திகைத்தான். இது பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. கொடி ஏன் திரும்புவதில்லை என்பதற்கே அதுதானே காரணம்! குழந்தையைக் கொல்லக் கொடுங்கோலன் காத்திருக்கிறான், வந்த வழியே போகாதீர்கள் என்று ராஜாக்களுக்குக் கனவில் சொன்னது. இதைத் தெரியாத பாட்டுக்காரன் உண்டா?

மத்தளம் ஒரு சுற்று தட்டி முடித்தது. வெயிலில் யாரோ இருமினார்கள்.

இதலீனா கொடிக்கம்பை இறுகப் பிடித்தாள். வெள்ளை ரிப்பன் அவள் மணிக்கட்டில் உரசியது. இன்னும் ஒரு சுற்று, மனுஷா. ஒரே ஒரு சுற்று பொறுத்துக்கோ.

இரண்டாவது சுற்றில் கேள்வி கேட்டவன் ஒரு கேலிப் பாட்டு பாடிக்கொள்ளலாம். பாட்டுக்குப் பிறகு மத்தளம் அந்தச் சுற்றை முடிப்பதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி. ஒனோரியோ பாடாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஆறு வயதிலிருந்து மத்தளம் தூக்கியவனுக்கு இந்த ஒரு சுற்று வாழ்க்கையில் மறுபடி கிடைக்குமா?

"உச்சக் குரலு இருந்ததே – அண்ணே
உன் மகள் சேர்ந்து பாடினதே,
காய்ச்சல் வந்து கரைச்சதா – இல்ல
காசுக்கு நீதான் வித்தியா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். அவனுடைய ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். கித்தேரியா, "சீ, என்ன பாட்டு இது," என்று முகம் சுளித்தாள்.

பெலார்மீனோவின் முகம் பெக்கிக் கொட்டையைக் கடித்து நாக்கெல்லாம் முள் ஏறியவன் முகம் மாதிரி ஆனது.

அவன் மெல்லக் குனிந்தான். வியோலாவின் வாய்க்கு, நரம்புகளுக்கு அடியில் இருக்கும் அந்த வட்டத் துளைக்கு, அருகே உதடு போனது. முத்தமிடுகிறான் என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். கொடியோடு ஒரு முழம் தள்ளி நின்ற இதலீனாவுக்கு அது கேட்டது.

"இதலீனா."

முப்பது வருடத்துக்கு முன்னால், ஆற்றுப் படித்துறையில், யாருக்கும் கேட்காமல் அவளைக் கூப்பிட்ட அதே குரல். அதற்கப்புறம் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

உள்ளே வால்மணி ஒரு முறை சிலிர்த்தது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. மூன்று வருடத்துக்கு முன்னால், திருநாள் மேடையில், கடைசிப் பாட்டுக்கு முன் அவன் இப்படித்தான் குனிந்தான். நரம்பைச் சரிபார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் கை தட்டினாள். அன்று அவனுக்குப் பக்கத்தில், ஒரு முழத்தில், உச்சக் குரல் எடுக்க நின்றவள் யார்?

திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் சுல்மீரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்று அர்த்தம்.

அது பாட்டுக்கு எடுக்கவில்லை. கேட்டுத்தான் எடுத்தது. இவன்தான் பெயர் சொல்லிக் கொடுத்தான்.

பெலார்மீனோவின் கை உயர்ந்தது. விரல்கள் நரம்பின் மேல் விழ வேண்டியதுதான் பாக்கி.

இதலீனா நடந்தாள்.

கொடியைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கித்தேரியாவின் கொடிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். ரிப்பன்கள் மண்ணில் புரண்டன.

மத்தளம் தடுமாறி நின்றது. மொர்ரோ செக்கோ ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஒன்று அவர்கள் பார்த்ததே இல்லை. கொடி தானாகப் போய்த் தோற்பதா? தலைவன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும்போதா?

"அண்ணி!" ஒனோரியோவுக்கே வாய் குழறியது. "என்ன இது அண்ணி?"

"தோத்துட்டோம்," என்றாள் இதலீனா. "கொடி குனிஞ்சாச்சு. வியோலாவை வாங்கிக்கோ."

குமெர்சீந்தோ முகமூடியைக் கழற்றினான். திருநாளில் கோமாளி முகம் காட்டக்கூடாது. அவனுக்கு அது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெலார்மீனோ ஓங்கிய கையை இறக்கினான். கொடி குனிந்த பிறகு ஒரு நரம்பைத் தொட்டாலும் பாவம். வாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். இதலீனாவைத் தாண்டும்போது நின்றான்.

"கேட்டுடுச்சா?"

"கேட்டுச்சு." அவள் உதடு மட்டும் அசைந்தது. "அன்னிக்கு அவ பேரையும் இப்படித்தான் ஆசையாச் சொன்னியா?"

அவன் எங்கோ பனைமரத்தைப் பார்த்தான்.

"கிளி பத்தலை," என்றான்.

நேராகப் போய்த் தம்பியின் தோளில் வாரை மாட்டினான். வால்மணி கலகலவென்று தானாக ஆடி ஓய்ந்தது.

வரிசையின் கடைசியில் கஞ்சிரா கீழே விழுந்தது.

சுல்மீரா தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முள் சிக்கியவள் மாதிரி, இன்னும், இன்னும் இருமினாள். பிறகு துருப்பிடித்த கீல் திறப்பது போல ஒரு சத்தம்.

"அம்... மா."

கொடி இதலீனாவின் கையிலிருந்து நழுவியது. யாரோ பிடித்துக்கொண்டார்கள். அவள் ஓடினாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு. இன்னொரு தரம் சொல்லுடி."

"அம்மா."

"இன்னொரு தரம்!"

"அம்மா, போதும். மூணு வருஷம் கழிச்சு ஒரே வார்த்தையையா சொல்லிட்டு இருப்பேன்?"

சிரிப்பும் அழுகையுமாக வெடித்தது கூட்டம். ஆண்கள் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டார்கள். "ராஜாக்கள் குடுத்துட்டாங்க! காய்ச்சல் எடுத்ததை ராஜாக்கள் குடுத்துட்டாங்க!" கித்தேரியா கொடியைத் தரையில் ஊன்றிவிட்டு ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "கொடியைத் தாழ்த்தினீங்களே அக்கா, அதுக்குப் பலன்! நீங்க குனிஞ்சதைப் பாத்து ராஜாக்கள் மனசு இரங்கிட்டாங்க அக்கா!"

இதலீனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எவனோ வாணத்தைக் கொளுத்தினான். தலைக்கு மேலே அது படீரென்று வெடித்ததும் கித்தேரியாவின் இடுப்பில் இருந்த ரொசெந்தா வீலென்று அலறினாள். நல்ல குரல். சதுப்புக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற குரல்.

"அடடா, பயந்துட்டா." ஒனோரியோ சிரித்துக்கொண்டே வந்தான். தோளில் வியோலா. நாற்பது வருட ஆசை கைக்கு வந்த மனிதன், இன்றைக்கு யார் மேலும் அவனுக்குக் கோபம் இல்லை. "இங்க குடு புள்ளையை. வேண்டாம், நீயே வச்சுக்கோ. அப்பா வாசிச்சே நிறுத்தறேன் பாரு."

குழந்தைக்கு நேராக மண்டியிட்டான். வியோலாவை நெஞ்சோடு அணைத்தான். தாடை அதன் வாய் மேல் பதிந்தது. செல்லமாக, மூச்சுக்காற்றாக,

"ரொசெந்தா..."

"சித்தப்பா!" சுல்மீரா பதறினாள். "சித்தப்பா, அவ பேரை–"

இதலீனாவின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது.

வெயில் உச்சியில் நின்றது. பொழுது சாய இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. இப்போது சொன்னால் ஒனோரியோ அந்த வியோலாவை அங்கேயே கீழே வைத்துவிடுவான். அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். நல்லவன். நிச்சயம் அப்படித்தான் செய்வான்.

மகளின் வாயைப் பொத்திய கையில், காலையில் அழித்த சிலேட்டின் சாக்குப் பொடி இன்னும் இருந்தது.

பெலார்மீனோ கழற்றிய தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். தொப்பியில் தூசி ஒன்றும் இல்லை.

ஒனோரியோவின் விரல்கள் பத்து நரம்பிலும் ஒன்றாக இறங்கின. அப்படியொரு நாதத்தைச் சதுப்புப் பறவைகள்கூடக் கேட்டதில்லை போலும். எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

அழுகை நின்றது.

குழந்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. முகம் சிவந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அக்கா!" கித்தேரியா கைகொட்டிச் சிரித்தாள். "அப்பன் ஒரு தட்டு தட்டினதும் பொட்டிப் பாம்பா அடங்கிட்டா பாருங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். இதலீனாவின் உள்ளங்கைக்கு அடியில் மகளின் உதடுகள் சூடாக, விடாமல் அசைந்துகொண்டிருந்தன.